200 லிட்டர் டிரம்மில் பார்பிக்யூ ஸ்மோக்கர்: முழுமையான வழிகாட்டி

ஸ்மோக்கர், அதாவது மிதமான சூட்டிலும் புகையிலும் கறியை மணிக்கணக்கில் வேகவைக்கும் அடுப்பு, செய்ய வேண்டும் என்று வெல்டிங் பட்டறைக்குப் போனால், பட்டறைக்காரர் முதலில் கேட்பது தகடு எத்தனை மி.மீ. என்பதைத்தான். நாமும் கனமான தகடு, பெரிய கதவு, சக்கரம், பளபளப்பான தெர்மாமீட்டர் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டுதான் போயிருப்போம். இதெல்லாம் அப்புறம். காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, எவ்வளவு வருகிறது, புகை எந்த வழியாக வெளியேறுகிறது என்ற மூன்றும் சரியாக அமைந்தால், காயலான் கடையில் வாங்கிய டிரம்கூட ராத்திரி முழுக்க 110 டிகிரியில் அசையாமல் நிற்கும். இவை சொதப்பினால் எவ்வளவு செலவு செய்தாலும் கறியின் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது.

சாதாரணக் கரி அடுப்பில் காற்று தாராளமாக இருக்கும், கரியை நாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவோம். ஸ்மோக்கரில் இது தலைகீழ். கூடை நிறையக் கரி இருக்கும். காற்றைத்தான் அளந்து விடுவோம். நெருப்பு அரைப்பட்டினியில் கிடக்கும். நாம் விடும் காற்றுக்கு மேல் அதனால் எரிய முடியாது. கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

ஏன் டிரம்?

யூடியூபில் பார்க்கும் டெக்சஸ் பாணி ஸ்மோக்கர் பெரும்பாலும் ஆஃப்செட் வகை. படுக்க வைத்த உருளை, அதன் பக்கவாட்டில் தனியாக நெருப்புப் பெட்டி, மறுமுனையில் புகைபோக்கி. 2009-இல் ஆஸ்டின் நகரத்தில் ஒரு டிரெய்லரில் தொடங்கிய ஃபிராங்க்ளின் பார்பிக்யூ போன்ற கடைகள் பழைய 1,000 கேலன் புரொப்பேன் தொட்டிகளில் இப்படிச் செய்துகொள்கின்றன. ஆயிரம் கேலன் என்றால் ஏறத்தாழ 3,800 லிட்டர். ஆஃப்செட்டுக்கு 6 மி.மீ. தகடாவது வேண்டும். அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒருமுறை ஒரு விறகுக் கட்டை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாட்டு நெஞ்சுக்கறி வேக பன்னிரண்டு மணி நேரம் என்றால், அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் ஒரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். தகட்டுச் செலவை மிச்சம் பிடிக்க 2 மி.மீ.யில் ஆஃப்செட் செய்வது வீண் வேலை. விறகைத் தின்னும், சூடு நிற்காது.

டிரம் ஸ்மோக்கரில் நெருப்பு அடியில், கறி மேலே. 1 மி.மீ. தகடு போதும், ஏனென்றால் சூட்டை நிலையாக வைப்பது தகட்டின் கனம் அல்ல, காற்றின் அளவு. சொட்டும் கொழுப்பு நேராகக் கரியில் விழுந்து ஆவியாகி, திரும்பக் கறியிலேயே ஏறும். ஆஃப்செட்டில் இந்தச் சுவை வராது. விறகு நெருப்பின் மென்மையான வாசனை டிரம்மில் அந்த அளவு வராது என்பதும் உண்மைதான். வேலைக்குப் போகிறவர்களுக்கு, ராத்திரி தூங்க விரும்புகிறவர்களுக்கு, டிரம்தான் சரி. அமெரிக்காவில் இதை அக்லி டிரம் ஸ்மோக்கர் என்றே கூப்பிடுகிறார்கள். அழகை எதிர்பார்க்க வேண்டாம்.

டிரம் வாங்கும்போது

நமக்கு வேண்டியது 200 லிட்டர் இரும்பு டிரம். உள்விட்டம் சுமார் 57 செ.மீ., உயரம் சுமார் 87 செ.மீ. மேல் மூடி முழுசாகக் கழன்று, வளையம் போட்டு இறுக்கும் வகையாக இருக்க வேண்டும். மூடி ஒட்டியே வரும் டிரம், அதாவது மேலே இரண்டு திருகு மூடி மட்டும் இருக்கும் எண்ணெய் டிரம், விலை குறைவு என்பதற்காக அதை வாங்காதீர்கள். தின்னர், பெட்ரோல் மாதிரி ஏதாவது இருந்த டிரம்மைக் கிரைண்டரில் வெட்டும்போது உள்ளே தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும். காலியாகத் தெரியும் டிரம்தான் இதில் ஆபத்தானது. திரவம் எரிவதற்குக் காற்று வேண்டும். காலி டிரம்மில் ஆவியும் காற்றும் ஏற்கெனவே கலந்து தயாராக இருக்கும்.

கடைக்காரரிடம் முதல் கேள்வி, "அண்ணே, இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்பதுதான். பூச்சிமருந்து, பெயின்ட், ரெசின், அமிலம் என்று எது சொன்னாலும் அடுத்த டிரம்முக்கு நகர்ந்துவிடுங்கள். "தெரியாது தம்பி" என்றாலும் அப்படியே. சமையல் எண்ணெய், தேன், பழக்கூழ் வந்த டிரம் நல்லது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலைகள் நிறைய. அந்தக் கூழ் பைக்குள் அடைத்து, பையை டிரம்முக்குள் வைத்துத்தான் ஏற்றுமதிக்குப் போகிறது. டிரம் சும்மா வெளிக்கூடு, மூடியும் முழுசாகக் கழலும். ஆனால் கூழ் டிரம்களில் பல, ஒன்றுக்குள் ஒன்று அடுக்க வசதியாக அடியில் குறுகியிருக்கும். அது வேண்டாம். நேரான உருளையாகப் பார்த்து எடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. டிரம் கூடவே கூடாது. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகும். எரியும் கரி அதைவிட நன்றாகச் சூடு. ஜி.ஐ. பைப் வெல்டு செய்த அன்று ராத்திரி, துத்தநாகப் புகையால் குளிர்க்காய்ச்சல் வருவது வெல்டர்களுக்குப் பழக்கமான சமாச்சாரம். அந்தப் புகை கறியில் ஏற வேண்டாம். அடுத்தது உள்பூச்சு. உணவுப் பொருள் டிரம்களில் பெரும்பாலும் செம்பழுப்பு நிறத்தில் எபாக்சி என்ற பிசின் பூசியிருப்பார்கள். பூச்சு இல்லாத டிரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் எரித்து எடுக்க வேண்டும்.

காற்று உள்ளே வரும் வழி

டிரம்மின் அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் மூன்று துளைகள். சுற்றளவு ஏறத்தாழ 180 செ.மீ., ஆகவே 60 செ.மீ.க்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு முக்கால் இஞ்ச் பைப் நிப்பிள், அதாவது மரை போட்ட சின்னப் பைப் துண்டு. உள்ளே ஒரு நட், வெளியே ஒரு நட் வைத்து இறுக்கினால் வெல்டிங்கே தேவையில்லை. இரண்டு நிப்பிளுக்கு எண்ட் கேப், மூன்றாவதற்கு ஒரு பால் வால்வு (ball valve), அதாவது கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் வால்வு. நிப்பிள் ஜி.ஐ.யாக இல்லாமல் கறுப்பு எம்.எஸ். பைப்பாக, அதாவது துத்தநாகம் பூசாத சாதா இரும்புப் பைப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

கேப்பைக் கழற்றினால் முழுசாகத் திறக்கும், போட்டால் முழுசாக மூடும். நடுவில் உள்ள நுணுக்கமான அளவெல்லாம் வால்வின் பொறுப்பு. தொடக்கத்தில் மூன்றும் திறந்திருக்கும், சூடு ஏறியதும் கேப் இரண்டையும் போட்டுவிட்டு வால்வு ஒன்றை மட்டும் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். பால் வால்வுக்குள் டெஃப்லான் வளையம் இருக்கும், அதிகச் சூடு படக் கூடாது. அதனால் வால்வு வரும் நிப்பிள் மட்டும் 15 செ.மீ. நீளம் இருக்கட்டும்.

ஒரே பெரிய துளை போட்டு ஒரே ஷட்டர் வைத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகும், காற்று வீசாத நாளில். டிரம்முக்குள் காற்றை இழுக்கும் விசை எவ்வளவு சிறியது என்று பாருங்கள்: வெளியே 30 டிகிரி, உள்ளே 110 டிகிரி, உயரம் 90 செ.மீ. என்றால் அழுத்த வேறுபாடு சுமார் 2 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. சாயங்காலக் கடற்காற்று துளைக்கு நேராக வீசினால் அதை அநாயாசமாக மிஞ்சிவிடும். வால்வைப் பாதி மூடி வைத்திருந்தும் சூடு 150-க்குப் போகும். டிரம்மைச் சுற்றி மூன்று வழி இருந்தால், காற்றுக்கு முதுகு காட்டும் துளையைத் திறந்து மற்றதை மூடிக்கொள்ளலாம். டிரம்மையே திருப்பி வைக்கலாம் என்பது வேறு விஷயம், ஆனால் எரிந்துகொண்டிருக்கும் டிரம்மைத் திருப்பிப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

கதவு வைக்காதீர்கள்

பட்டறையில் நிச்சயம் ஒருவர் சொல்வார்: "கீழே ஒரு கதவு போட்டுடலாம் சார், சாம்பல் அள்ளச் சௌகரியம்." மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முக்கால் இஞ்ச் பைப்பின் உள்விட்டம் சுமார் 21 மி.மீ.; பரப்பு 3.4 சதுர செ.மீ. மூன்றும் சேர்ந்து 10-க்குக் கொஞ்சம் மேல். இப்போது 30-க்கு 25 செ.மீ. கதவு ஒன்று வெட்டுகிறோம். அதன் சுற்றளவு 110 செ.மீ. நல்ல வெல்டர் கையில்கூட வளைந்த தகட்டில் ஒரு மி.மீ. இடுக்கு விழும். 110 செ.மீ. நீளத்துக்கு ஒரு மி.மீ. என்றால் 11 சதுர செ.மீ. அதாவது மூன்று துளைகளையும் நிரந்தரமாகத் திறந்து வைத்ததற்குச் சமம். அதன் பிறகு வால்வை மூடினால் என்ன, திறந்தால் என்ன? நெருப்பு கதவு வழியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். கண்ணாடி நார்க் கயிறு ஒட்டி அடைக்கலாம் என்பார்கள். புதிதில் அடையும், சூடு பட்டுப் பட்டுத் தகடு நெளிந்ததும் திரும்ப இடுக்கு விடும்.

மேல் மூடியிலும் இடுக்கு இருக்குமே? இருக்கும், ஆனால் மேலே உள்ள கசிவு அவ்வளவு கெடுதல் இல்லை. அங்கே புகை வெளியே போகுமே தவிர, காற்று உள்ளே வராது. நெருப்புக்குக் கீழே, நெருப்பின் மட்டத்தில் வரும் கசிவுதான் ஆட்டத்தைக் கெடுக்கும். மூடியும் ரொம்ப லூசாக இருந்தால், சமையல் முடிந்து எல்லாவற்றையும் அடைத்த பிறகும் கரி அணையாமல் விடிய விடிய எரிந்து சாம்பலாகும், அதுதான் நஷ்டம்.

சாம்பலுக்கு என்ன செய்வது? கூடைக்கு அடியில் ஒரு தட்டைப் பொருத்துங்கள். கூடையைத் தூக்கினால் தட்டும் சேர்ந்து வரும்.

புகை வெளியேறும் வழி

உள்ளே வரும் வழியைவிட வெளியே போகும் வழி பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் சூடான காற்று விரிந்திருக்கும். சில டிரம் மூடிகளில் 2 இஞ்ச் திருகுத் துளை ஏற்கெனவே இருக்கும். அதன் பரப்பு சுமார் 20 சதுர செ.மீ., மூன்று உள்வழிகளைப் போல இரண்டு மடங்கு. அதுவே போதும். இல்லாவிட்டால் மூடியின் நடுவில் அதே அளவு துளை போட்டு, 15 செ.மீ. உயரப் பைப் ஒன்றை நிறுத்துங்கள். கொஞ்சம் இழுவையும் கூடும், மழைத் தூறலுக்கு மேலே ஒரு தொப்பி போடவும் வசதி.

சமையல் நடக்கும்போது இந்த வழியை மூடவே கூடாது. சூடு அதிகமானால் கீழே மூடுங்கள், மேலே தொடாதீர்கள். மேலே அடைத்தால் புகை உள்ளேயே சுற்றி, ஆறி, தாராகக் கறியில் படியும். அந்தக் கறியைச் சாப்பிட்டால் நாக்கு லேசாக மரத்துப்போகும். கசப்பு மணி நேரக் கணக்கில் வாயில் நிற்கும். நல்ல புகை கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். வெயிலில் பார்த்தால் மெல்லிய நீலமாக இருக்கும். குபுகுபுவென்று வெள்ளையாகப் புகை வந்தால் கட்டை ஒழுங்காக எரியவில்லை, கறியை உள்ளே வைக்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

கூடை, தட்டு, அவற்றின் உயரம்

கரிக் கூடை: 35 செ.மீ. விட்டம், 25 செ.மீ. உயரம், எக்ஸ்பாண்டட் மெஷ்ஷில், அதாவது தகட்டைக் கீறி இழுத்துச் செய்த வலையில். இதில் நாலைந்து கிலோ கரி பிடிக்கும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். கூடைக்கும் டிரம் சுவருக்கும் சுற்றிலும் 10 செ.மீ. இடைவெளி கிடைப்பதால் தகடு பழுக்காது, பெயின்டும் உரியாது. கூடையின் அடித்தட்டு டிரம் அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் 5 செ.மீ.யில் வரும் காற்று கரிக்கு அடியில் புகுந்து மேலே வரும். பலரும் தவறவிடும் இடம் இதுதான். காற்றுத் துளை கூடையின் நடு உயரத்தில் இருந்தால் அந்தப் பக்கக் கரி மட்டும் கொல்லன் உலை மாதிரி எரியும், அதற்கு நேர் மேலே இருக்கும் கறி கருகும். சாம்பல் தட்டு மிகப் பெரிதாக இருந்து துளைகளை மறைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கறி தட்டு: கூடையின் அடித்தட்டிலிருந்து 60 செ.மீ. மேலே. அதாவது டிரம் விளிம்பிலிருந்து சுமார் 19 செ.மீ. கீழே. கரியின் மேல்மட்டத்திலிருந்து கறிக்கு 35 செ.மீ. தூரம் கிடைக்கும், மேலே முழுக் கோழி நிற்க இடமும் இருக்கும். இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தால் அது ஸ்மோக்கர் இல்லை, கிரில். தட்டைத் தாங்க நான்கு ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளைச் சுவரில் துளைத்து, நீட்டிக்கொண்டு நிற்கும்படி முடுக்கினால் போதும். இன்னொரு செட் போல்ட்டை 15 செ.மீ. கீழே போட்டு வைத்தால் ரெண்டாவது தட்டு வைக்கலாம். அங்கே சூடு அதிகம். கோழித் தொடைக்கு நல்லது, பெரிய துண்டுக்கு வேண்டாம்.

தட்டுக்கு 6 மி.மீ. ராடு, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரகம். கடையில் "எல்லாம் எஸ்.எஸ்.தான் சார்" என்று மட்டமான 202 ரகத்தைக் கொடுப்பார்கள். ஆறு மாதத்தில் உப்பும் கொழுப்பும் சேர்ந்து அதைத் துருப்பிடிக்க வைக்கும். பில்லில் 304 என்று எழுதச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் விஷயம் புரிந்துவிடும். ஜன்னல் ஜி.ஐ. வலையைத் தட்டாகப் போடும் யோசனை யாருக்காவது வந்தால், துத்தநாகம் பற்றி மேலே சொன்னதை இன்னொரு முறை படிக்கவும்.

மூடிக்கு மரக் கைப்பிடி. டிரம்மின் பக்கத்தில் ஒரு கொக்கி, கழற்றிய மூடியை மாட்ட. ஒரு சின்னத் தகவல்: வெபர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 57 செ.மீ. கெட்டில் (உருண்டையான கரி அடுப்பு) மூடி இந்த டிரம் மேல் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். அந்த கெட்டிலே 1952-இல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர் உலோக மிதவையின் பாதி உருண்டைகளை வைத்துச் செய்ததுதான். பட்டறையில் கிடந்ததை எடுத்து அடுப்பாக்கும் பழக்கம் இந்தத் துறையில் புதிதல்ல.

தண்ணீர்த் தட்டு வேண்டுமா? டிரம்முக்கு வேண்டாம் என்பது என் கருத்து. சூட்டை வால்வே பார்த்துக்கொள்ளும்போது, கரியைச் செலவழித்துத் தண்ணீர் கொதிக்க வைப்பானேன்? அதோடு, கொழுப்பு கரியில் சொட்டுவதையும் அது தடுத்துவிடும்.

தெர்மாமீட்டர்

மூடியில் பெரிய டயல் வைத்த தெர்மாமீட்டரை நம்பி வேலை செய்யாதீர்கள். கறி இருக்கும் மட்டத்தில் என்ன சூடு என்பதுதான் கணக்கு. டிரம்மில் நடுப்பகுதி சூடு, சுவரோரம் அதைவிடக் குறைவு. 10, 20 டிகிரி வித்தியாசம் சகஜம். சுவரில் டயல் வைப்பதென்றால் கறி தட்டுக்குச் சற்றுக் கீழே, நீளமான ஊசி உள்ளதாக வையுங்கள். அதைவிட உத்தமம், ஒயர் உள்ள டிஜிட்டல் புரோப் (சூடு அளக்கும் ஊசி) இரண்டு: ஒன்று தட்டில், ஒன்று கறிக்குள். ஒயர் போக ஒரு சின்னத் துளை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். சென்னையில் 100 காட்ட வேண்டும். ஊட்டியில் இருந்தால் 92, 93 காட்டினால்தான் அது சரியான தெர்மாமீட்டர்.

வேலை வரிசை

முதலில் எல்லாத் துளைகளையும் போட்டு முடியுங்கள். ஸ்டெப் ட்ரில் பிட் ஒன்று இருந்தால் மெல்லிய தகட்டில் சுத்தமாக விழும். நிப்பிள் பொருத்தும் முன்பே எரிப்பு வேலை. கீழே உள்ள துளைகள் வழியாகக் காற்று வருவதால் நெருப்பு நன்றாகப் பிடிக்கும். துளை இல்லாத டிரம்மில் எவ்வளவு விறகு போட்டாலும் அடியில் உள்ள பூச்சு போகாது.

மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைப் பிடுங்கி எறியுங்கள். டிரம்மைச் செங்கல் மேல் ஏற்றி, உள்ளே விறகை நிறைத்து, மூன்று நான்கு மணி நேரம் கொழுந்துவிட்டு எரிய விடுங்கள். மூடியின் உள்பக்கத்தையும் அதே நெருப்பில் காட்டுங்கள். எபாக்சி எரியும் புகை நச்சுப் புகை. மொட்டை மாடியில், தெருவில் இதைச் செய்யாதீர்கள். ஊருக்கு வெளியே ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, புகை உங்கள் மேல் வராதபடி காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். ஆறியதும் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி, முகமூடி, கண்ணாடி போட்டுக்கொண்டு வெறும் இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். செம்பழுப்புத் திட்டு எங்காவது மிச்சமிருந்தால் இன்னொரு முறை நெருப்பு. இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் சாண்ட் பிளாஸ்டிங் செய்யும், அதாவது மணலைப் பீய்ச்சிப் பூச்சை உரிக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.

வெளியே மட்டும் 600 டிகிரி தாங்கும் பெயின்ட் அடியுங்கள். உள்ளே பெயின்ட் கிடையாது. கடலை எண்ணெயை மெல்லிசாகப் பூசினால் போதும். பிறகு நிப்பிள், வால்வு, போல்ட், கூடை, தட்டு. அடியில் சக்கரம் போடுவது உங்கள் விருப்பம், ஆனால் டிரம்மின் அடி தரையைத் தொடக் கூடாது. டைல்ஸ் வெடிக்கும்.

கறி வைக்கும் முன் ஒரு வெறும் ஓட்டம் தேவை. கொஞ்சம் கரி, ஒரு பிடி ஈர உமி. மூடியைப் போட்டு, கீழே எந்த இடத்தில் புகை கசிகிறது என்று சுற்றிவந்து பாருங்கள். பிறகு 135 டிகிரியில் மூன்று மணி நேரம் ஓட விடுங்கள். எண்ணெய் கறுத்து, பளபளப்பான ஒரு தோல் மாதிரிப் படியும். துருவுக்கு அதுதான் காவல்.

கரியும் கட்டையும்

டெக்சஸில் மெஸ்கீட் என்று கொண்டாடும் மரமும், நம் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் திட்டித் தீர்க்கும் சீமைக் கருவேலமும் நெருங்கிய உறவு. அங்கே மூட்டம் போட்டு எடுக்கும் கரி கடினமானது, நெடுநேரம் எரியும், இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். தூளும் துண்டும் கலந்து வரும். தூளைச் சலித்து ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் காற்று வழி அடைபடும். பட்டை முழுசாகக் கரியாகாத துண்டுகளையும் எடுத்துவிடுங்கள், வெள்ளைப் புகை அதிலிருந்துதான் வரும்.

வாசனைக்கு முஷ்டி அளவுக் கட்டை மூன்று நான்கு. கொய்யா, மா இரண்டும் நன்றாக இருக்கும். சீமைக் கருவேலக் கட்டையையே போடலாம், ஆனால் ஒன்று போதும், வாசனை முரட்டுத்தனமானது. கட்டை காய்ந்திருக்க வேண்டும். தண்ணீரில் ஊறப்போடும் வழக்கத்தால் ஒரு புண்ணியமும் இல்லை, ஈரம் ஆவியாகும் வரை கட்டை எரியாது, அவ்வளவுதான். பிளைவுட், பெயின்ட் அடித்த மரம், பிசின் வடியும் மரம், அரளி ஆகியவை பக்கத்திலேயே வரக் கூடாது. அரளி விஷம்.

முதல் சமையல்

1. கூடையை எரியாத கரியால் நிரப்புங்கள். கட்டைகளை இடையிடையே புதைத்து வையுங்கள். நடுவில் ஒரு சின்னக் குழி.

2. தனியே பத்துப் பதினைந்து துண்டுக் கரியை நன்றாகக் கனல வைத்து அந்தக் குழியில் கொட்டுங்கள். நெருப்பு மேலிருந்து கீழாக, நடுவிலிருந்து ஓரமாக மெதுவாகப் பரவும். அமெரிக்கப் போட்டிச் சமையல்காரர் ஜிம் மினியன் பெயரால் இதை மினியன் முறை என்கிறார்கள்.

3. மூன்று வழிகளும் திறந்து, மூடி போட்டு விடுங்கள். 80 டிகிரி வந்ததும் ஒரு கேப், 95 வந்ததும் அடுத்த கேப். வால்வைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். ஏறும்போதே பிடிக்க வேண்டும். 150-ஐத் தாண்டிய டிரம்மை 110-க்கு இறக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

4. வெள்ளைப் புகை அடங்கி 110-இல் இருபது நிமிடம் நின்றதும் கறியை வையுங்கள். உப்பும் மிளகும் தடவிய பெரிய துண்டுக்கு 110 முதல் 135 வரை எதுவும் சரியே. ஐந்து டிகிரி ஏறி இறங்குவதற்கெல்லாம் வால்வைத் தொடாதீர்கள். தொட்டால் அதன் விளைவு தெரியக் கால் மணி நேரமாவது ஆகும்.

5. மூடியைத் திறக்காதீர்கள். திறந்த அரை நிமிடத்தில் கரிக்கு மூன்று துளைகளிலும் கிடைக்காத காற்று கிடைத்து, மூடிய பிறகு சூடு எகிறும்.

பெரிய துண்டு என்றால் உள்சூடு 65 முதல் 75-க்குள் எங்காவது வந்து மணி நேரக் கணக்கில் அப்படியே நிற்கும். தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று தோன்றும். கெடவில்லை; மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல, கறியின் ஈரம் ஆவியாகி ஏறும் சூட்டையெல்லாம் தின்றுகொண்டிருக்கிறது. காத்திருக்கலாம், அல்லது ஃபாயிலில் இறுக்கமாகச் சுற்றிவிடலாம். மாட்டு நெஞ்சுக்கறியும் பன்றித் தோள்பட்டையும் 95 டிகிரியை ஒட்டி ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்போது எடுக்கலாம். கோழிக்குத் தொடையின் ஆழத்தில் 74 போதும், அதற்குச் சூட்டை 150 வரை ஏற்றினால் தோலும் ரப்பராகாது. நம் வெள்ளாட்டுத் தொடையில் கொழுப்பு குறைவு என்பதால் கடைசி வரை திறந்தே வைத்தால் நாராகிவிடும். மூன்று மணி நேரம் புகை காட்டிவிட்டு, கொஞ்சம் ஆட்டுக்கொழுப்போடு சுற்றி 90-ஐத் தாண்டும் வரை விடுங்கள்.

முடிந்ததும் எல்லா வழிகளையும், இந்த முறை மேல் வழியையும் சேர்த்து, அடைத்துவிடுங்கள். கரி அணைந்து மிச்சம் அடுத்த தடவைக்கு ஆகும். டிரம் ஆறும் வரை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டிலோ இழுத்து வைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். எரியும்போதும் திறந்த வெளிதான்.

மறுநாள் சாம்பலைக் கொட்டிவிடுங்கள், சோம்பல் படாதீர்கள். சாம்பலில் ஈரம் சேர்ந்தால் அடித்தகட்டை அரிக்கும். கடலோர ஊர்களிலும் ஐப்பசி மழையிலும் டிரம் ஓட்டையாவது பெரும்பாலும் அடியிலிருந்துதான். உள்சுவரில் படிந்த கறுப்பைத் தேய்க்க வேண்டாம். தட்டை மட்டும் தேய்த்து, எண்ணெய் தடவி, மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடி வையுங்கள்.